நாற்பது வினாடி வரவு



முன் அறையில் தொடரின் முகப்பு இசை தொடங்கினால் போதும், அடுப்படியில் நிற்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். வாரம் ஐந்து நாள், இரண்டு வருடம் ஓடுகிற ஒரு தொடரின் முகப்பு இசை நம் வீட்டுக்குள் 500 தடவைக்கு மேல் ஒலித்துவிடுகிறது. எந்தச் சினிமாப் பாட்டை இத்தனை தடவை கேட்டிருப்போம்? யார் யாரைக் கட்டினார்கள், யார் சொத்தை யார் சுருட்டினார்கள் என்பதெல்லாம் சில வருடங்களில் கலங்கிப்போகும். ஆனால் அந்த இசையை யாராவது முணுமுணுக்கத் தொடங்கினால் மீதியை வீடே பாடி முடிக்கும்.

அதை அமைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கதாநாயகியின் சொந்தப் பெயரும் அவர் பிறந்த ஊரும் தெரிந்த வீட்டில் அந்த ஒரு பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

இம்முறை இந்தப் பக்கத்தைத் தொடர்களுக்கு இசையமைப்பவர்களுக்காக ஒதுக்கியதற்குக் காரணம் தேற்றாத்தீவிலிருந்து வந்த ஒரு தாயின் கடிதம். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறார். காலையில் வெற்றிலைத் தோட்டத்தில் தகப்பனுக்கு உதவி, பின்னேரம் முழுக்கக் கிற்றார். கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவோடு வாசிக்கவும் போகிறாராம். “இந்தக் கிற்றார் இவனுக்குச் சோறு போடுமா, இல்லாட்டி நான் இப்பவே கண்டிச்சு வைக்கட்டா?” என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வி நம் கரையோர ஊர்களின் பல வீடுகளில் இருக்கிறது. ஆதலால் பதிலை அவருக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன்.

மட்டக்களப்பு மண்ணுக்குத் தந்திக் கருவி புதிதில்லை. பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதி 1947இல் வெளியிட்ட விபுலானந்த அடிகள் நமக்குத் தெற்கே காரைதீவில் பிறந்தவர். நகரத்துப் பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து ஒலித்த கப்ரிஞ்ஞா நம் காதுக்குப் பழக்கமானது. அந்த மெட்டுகளின் வழியில்தான் பைலா வளர்ந்தது. 1960களின் கடைசியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ என்று தமிழ்ப் பொப் இசை கிளம்பியபோது கிற்றார் தூக்காத இளைஞர் குழு இல்லை. அன்றிலிருந்து நம் பிள்ளைகளுக்குக் கிற்றார் என்றால் மேடை. வெளிச்சம், கைதட்டு, நடுவில் ஒரு தனி வாசிப்பு.

தொலைக்காட்சி இசையில் இந்த மூன்றும் இல்லை. அப்படியிருந்தும் அதில் வாழ்நாள் முழுக்க ஒரு கலைஞன் வாழ முடிந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1950இல் பிறந்தவர் டபிள்யூ. ஜி. ஸ்னஃபி வால்டன். எழுபதுகளின் தொடக்கத்தில் ‘ஸ்ட்ரே டாக்’ என்ற மூவர் குழுவில் காது அடைக்கும் ப்ளூஸ் ராக் வாசித்தவர். குழு நிலைக்கவில்லை. பிறகு மற்றப் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்து, ஊர் ஊராகச் சுற்றினார். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு வாத்தியக்காரர், சொந்தமாக வெற்றிப் பாட்டு ஒன்றும் இல்லை. நம் ஊரில் என்றால் “இனி ஒரு கடையைப் போட்டுப் பிழைக்கிற வழியைப் பார்” என்று சொல்லியிருப்போம்.

1987இல் ‘தேர்ட்டிசம்திங்’ என்ற தொடருக்கு இசையமைக்கும் வாய்ப்பு அவருக்கு வந்தது. துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத தொடர் அது. முப்பதைக் கடந்த கணவன் மனைவியரும் நண்பர்களும் குசினியிலும் படுக்கையறையிலும் இருந்து பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், பேசாமல் இருப்பார்கள். இப்படிப்பட்ட கதைக்குப் பெரிய வாத்தியக் குழு ஒவ்வாது. வால்டன் ஸ்டுவர்ட் லெவினோடு சேர்ந்து அமைத்த இசையில் மின்சாரம் இல்லாத சாதாரண மரக் கிற்றார் முன்னுக்கு வந்தது. இரண்டு வசனங்களுக்கு நடுவே நாலு சுரம், பிறகு மௌனம். அடுத்த வருடமே ‘த வண்டர் இயர்ஸ்’. அதன் முகப்பில் ஒலித்தது ஜோ காக்கர் பாடிய பீட்டில்ஸ் பாட்டு. உள்ளே, அந்தச் சிறுவனின் வெட்கத்துக்கும் ஏமாற்றத்துக்கும் அடியில் ஓடியது வால்டனின் இசை. கேட்டவர்கள் எல்லாரும் காக்கரின் குரலைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள், வால்டன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

1999இல் வந்த ‘த வெஸ்ட் விங்’ அமெரிக்க ஜனாதிபதி மாளிகையைப் பற்றிய தொடர். அதன் முகப்பு இசைக்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு எமி விருது கிடைத்தது. அந்த இசையைக் கேட்டால் கிற்றார்க்காரர் அமைத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். முழு வாத்தியக் குழுவும் கொடி ஏற்றுவதுபோல எழுந்து வருகிறது. கதைக்குக் கிற்றார் வேண்டாம் என்றால் தன் கிற்றாரையே ஒதுக்கி வைக்க அவரால் முடிந்தது. 2006இல் ஒரு சிற்றூரின் விளையாட்டு அணியைப் பற்றிய ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’ தொடருக்குக் கிற்றார் தேவைப்பட்டது, அப்போது திரும்ப எடுத்தார். ‘இதுதான் என் பாணி’ என்று பிடிவாதம் பிடித்திருந்தால் முதல் தொடரோடு அவர் கதை முடிந்திருக்கும்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கிட்டிய உறவில் ஒருவரைச் சொல்கிறேன். வயலின் மேதை வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் நாட்டை விட்டுச் சென்னைக்குப் போனது. மகன்கள் மூவரும் வயலின் கலைஞர்கள். எல். சுப்பிரமணியம் உலக மேடைகளில் புகழ் பெற்றார். எல். சங்கர் எழுபதுகளில் ஜோன் மக்லாக்ளினோடு ‘சக்தி’ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மக்லாக்ளின் கிற்றார்க் கலைஞர். கமகம் பிடிப்பதற்காகக் கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து, குறுக்கே அதிர்வுத் தந்திகளும் பூட்டிய தனிக் கிற்றார் ஒன்றைச் செய்வித்து வாசித்தார்.

நான் சொல்ல வந்தது 1942இல் பிறந்த எல். வைத்தியநாதனைப் பற்றி. தம்பிமாரைப்போல அவர் உலகம் சுற்றவில்லை. சென்னையில் இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷின் உதவியாளராக இருந்தார். அதே வெங்கடேஷிடம் கிற்றார் வாசித்து உதவியாளராகவும் இருந்த இன்னொருவர் இளையராஜா. அடுத்தவரின் மெட்டுக்குச் சுரம் எழுதுவது, வாத்தியக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, நேரத்துக்குள் ஒலிப்பதிவை முடிப்பது என்று இவர்கள் படித்த பள்ளிக்கூடம் அது.

1986இல் ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் தூரதர்ஷனுக்காக ‘மால்குடி டேஸ்’ என்று எடுத்தார். கர்நாடகத்தில் ஆகும்பே கிராமத்தில் படப்பிடிப்பு. முகப்பில் ஆர். கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள். இசை வைத்தியநாதன். அந்த முகப்பு இசையில் சொல் கிடையாது. ஒரு குரல் வெறும் சந்தத்தை இசைத்துக்கொண்டு போகும், வயல் வரம்பில் பராக்குப் பார்த்து நடக்கிற ஒரு பையனைப்போல. தொடர் இந்தியில் ஓடியது. இந்தி தெரியாத வீடுகளிலும் அந்தச் சந்தம் குடியேறியது, அதைத் தடுக்க அதில் ஒரு மொழியும் இல்லாததால். அடுத்த வருடம் அவர் இசையமைத்த ‘பேசும் படம்’ வசனமே இல்லாத சினிமா. பேச்சு நிறைந்த தொடரில் எங்கே ஒதுங்க வேண்டும், பேச்சே இல்லாத படத்தில் எவ்வளவு பேச வேண்டும் என்ற இரண்டு கணக்கும் ஒரே மனிதருக்குத் தெரிந்திருந்தது. 2007இல் அவர் காலமானார். அவர் பெயர் தெரியாமல் அந்த மெட்டை முணுமுணுப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இதே வரிசையில் வருபவர் வி. எஸ். நரசிம்மன். இளையராஜாவின் குழுவில் வயலின் வாசித்தவர். கே. பாலசந்தர் சின்னத்திரைக்காக எடுத்த ‘ரயில் சினேகம்’ தொடருக்கு இசை அவர். அதில் சித்ரா பாடிய பாட்டைச் சினிமாப் பாட்டு என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. 1999இல் தொடங்கிய ‘சித்தி’ தொடரின் முகப்புப் பாட்டு தினாவின் இசையில் நித்யஸ்ரீ பாடியது. கார் பற்றறியில் ரீவி பார்த்த காலத்து ஆட்களுக்கு இந்தப் பாட்டுகளின் அருமை தெரியும்.

வால்டன், வைத்தியநாதன், நரசிம்மன் மூவருமே பிறருக்காகப் பின்வரிசையில் இருந்து வேலை செய்து பழகியவர்கள். பின்வரிசையில் இருப்பவனுக்கு முதலில் வருகிற பாடம் மற்றவனைக் கேட்பது. தொலைக்காட்சி இசைக்கு வேண்டிய முதல் தகுதியும் அதுவே.

தேற்றாத்தீவுத் தம்பிக்கு இது விளங்க வேண்டுமென்றால் நம் கூத்துக் களரியைப் பார்த்தால் போதும். வடமோடிக் கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவு இருக்கிறது. அரசன் வருகிற தாளக்கட்டு வேறு, மற்றவர்கள் வருகிற தாளக்கட்டு வேறு. ஆள் களரிக்குள் கால் வைக்கும் முன்பே மத்தளம் சொல்லிவிடும், வருவது இன்னார் என்று. கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் எவ்வளவு பெரிய மத்தள வித்துவானாக இருந்தாலும் வரவு முடிந்ததும் ஆட்டக்காரனுக்குக் களரியை விட்டுக் கொடுப்பார். ஆட்டக்காரனின் காலைப் பார்த்துத்தான் அவருடைய கை போகும். முகப்பு இசை என்பது தொடரின் வரவு. உள்ளே வருகிற பின்னணி இசை, ஆட்டக்காரனின் காலைப் பார்க்கிற கை.

வேலை நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்ந்திருந்து, வெட்டி ஒட்டிய படத்தை முழுக்கப் பார்ப்பார்கள். இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே வரவே கூடாது என்று வினாடிக் கணக்கில் குறித்துக்கொள்வார்கள். முகப்புக்கு 40 வினாடி தருகிறார்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 96 தட்டு என்று வேகம் வைத்தால் 40 வினாடிக்குள் 64 தட்டு அடங்கும். ஆதி தாளத்தில் அது சரியாக 8 ஆவர்த்தனம். அதற்குள் தொடக்கம், மெட்டு, திருப்பம், முடிவு எல்லாம் வந்துவிட வேண்டும். வேகத்தை 100 ஆக்கினால் 66 தட்டும் கொசுறும் வந்து நின்று, ஆவர்த்தனத்தின் நடுவில் இசை அறுந்துபோகும். மேடையில் ‘இன்னொரு தடவை எடுப்போம்’ என்று இழுக்கலாம். இங்கே ஒரு வினாடி கூடினாலும் விளம்பரம் வந்து வெட்டிவிடும்.

கிற்றாருக்கு இதில் ஒரு இயற்கையான வசதி இருக்கிறது. அதன் தடித்த தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, மெல்லிய தந்தி திறந்தபடி 330 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆணும் பெண்ணும் சாதாரணமாகப் பேசுகிற குரலின் அடிச்சுருதி விழுவது இதே எல்லைக்குள். ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் இடிபடத்தானே வேண்டும்? ஆனால் மீட்டிய சுரம் உடனே தேயத் தொடங்குகிறது. அது தேய்கிற இடத்தில் வசனம் புகுந்துவிடும். வில் போட்டு இழுக்கிற வாத்தியமும் ஊதுகிற வாத்தியமும் சுரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆகவே பேச்சுக்கு அடியில் அவற்றை மிக மெதுவாக வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு தாயும் மகளும் பேசுகிற காட்சிக்கு ஒற்றைக் கிற்றார் பொருந்திப்போவது இதனால்தான். அதே காரணத்தால்தான் அந்த இடத்தில் விரல் வேகம் காட்டுகிறவன் காட்சியைக் கெடுத்துவிடுகிறான்.

இனிச் சோற்றுக் கேள்விக்கு வருவோம். அம்மா, நம் நாட்டில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியோடு தொடங்கி, 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினியோடு ஊன்றிக்கொண்டது. சிங்களத்தில் தொலைக்காட்சி நாடகம் ஒரு கலையாகவே வளர்ந்தது, பிரேமசிறி கேமதாச போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் அதற்கு இசை தந்தார்கள். தமிழில் நமக்கென்று எடுக்கப்பட்ட நாடகங்கள் குறைவு. சந்தை சிறியது, போதாததற்குத் தமிழ்நாட்டுத் தொடர்கள் அந்த நேரத்தையும் நிரப்பிவிட்டன. ஆகவே நம் ஊரில் இருந்துகொண்டு தொலைக்காட்சி இசையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று உங்களுக்கு நான் ஆசை காட்டமாட்டேன்.

ஆனால் இந்த வேலை தொலைக்காட்சிக்குள் மட்டும் நிற்பதில்லை. குறும்படம், ஆவணப்படம், வானொலி நாடகம், விளம்பரம், செய்தி முகப்பு, கைபேசியில் வருகிற தொடர் எல்லாவற்றுக்கும் அளந்து செய்த இசை வேண்டும். ஏ. ஆர். ரஹ்மான் ‘ரோஜா’ படத்துக்கு முன் விளம்பர இசை செய்துதான் ஒலிப்பதிவைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். ஒரு கணினியும் நல்ல ஒலிவாங்கியும் இருந்தால் இன்றைக்குக் களுதாவளையில் பதிவு செய்த கிற்றாரை அன்றிரவே ரொறன்ரோவில் ஒரு படத்தொகுப்பாளர் தன் காட்சிக்கு அடியில் வைத்துப் பார்க்கலாம்.

எனவே மகனைக் கண்டிக்க வேண்டாம். கண்டிப்பதற்குப் பதிலாக இவற்றைச் சொல்லுங்கள். சுரம் எழுதவும் வாசிக்கவும் படிக்கட்டும், கர்நாடக முறையோ மேற்கத்திய முறையோ, இரண்டும் என்றால் நல்லது. தாளம் காட்டுகிற கிளிக் சத்தத்தோடு தினமும் வாசித்துப் பழகட்டும். ஒரு நாடகக் காட்சியை எடுத்து, சத்தத்தை நிறுத்தி, அதற்குத் தானே இசை போட்டுப் பார்க்கட்டும். பிறகு சத்தத்தைத் திறந்து, வசனத்தில் மோதுகிற சுரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடட்டும். கடைசியில் எது மிஞ்சுகிறதோ அது இசை. வெற்றிலைத் தோட்டத்தையும் உடனே விட வேண்டாம். கொடி தளிர்க்கிற வரைக்கும் பொறுக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தொழிலின் பொறுமை புதிதாக இராது.

காசு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு தொடர் மறு ஒளிபரப்பாகும்போதெல்லாம் அதன் இசையமைப்பாளருக்கு உரிமைத்தொகை சேர்கிறது. எந்த இசை எத்தனை வினாடி ஒலித்தது என்று பட்டியலிட்டு அனுப்புகிற ஒழுங்கு அங்கே இருக்கிறது. இந்தியாவில் 2012இல் செய்த சட்டத் திருத்தம், பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் உரிமைத்தொகையில் தம் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காத்தது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. நம் பிள்ளைகள் செய்கிற தவறு, ‘தெரிந்த அண்ணன்தானே’ என்று ஒரு துண்டு எழுத்தும் இல்லாமல் இசையைக் கொடுத்துவிடுவது. ஒரு பக்கத் தாள் போதும். என்ன செய்தோம், எதற்குச் செய்தோம், எத்தனை தடவை பாவிக்கலாம், பெயர் எங்கே போட வேண்டும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். பெயர் போடுவதைக் காசைவிடக் குறைவாக நினைக்க வேண்டாம். அடுத்த வேலை வருவது அந்தப் பெயரைத் தேடித்தான்.

பார்க்கிற நமக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. அண்ணாவியாரின் பெயரைக் கேட்காமல் நம் பாட்டன்மார் கூத்துப் பார்த்ததில்லை. ‘இன்னார் பழக்கின கூத்து’ என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். சின்னத்திரைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தை எங்கேயோ விட்டுவிட்டோம். பெயர்கள் ஓடுகிற நேரத்தில் தண்ணீர் குடிக்க எழும்புகிறோம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் இசையமைத்த தொலைக்காட்சி நாடகம், வானொலி நாடகம், குறும்படம், விளம்பரம் எதுவானாலும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வீட்டில் பழைய ஒலிநாடா இருந்தால் அதையும் தாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். அடுத்த இதழில் அந்தப் பட்டியலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். எழுதும்போது நாடகத்தின் பெயர், ஆண்டு, இசையமைத்தவர் என்பதோடு நிறுத்திவிடாமல், வாசித்தவர்கள் யார் யார் என்று தெரிந்தவரை சேர்த்து எழுதுங்கள். வயலின், தபேலா, புல்லாங்குழல், கிற்றார் என்று வாத்தியத்துக்கு ஒரு பெயராவது வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
களுதாவளை